கைக்கு வராத கோழிகள்

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கோழி வளர்க்கக் கூடாது. ஆடு வளர்க்கலாம், மாடு வளர்க்கலாம். அவற்றைக் கட்டிப் போட்டுவிட்டால் கட்டின இடத்தில் நிற்கும். கோழி அப்படியா? கோழிக்குழம்பு வைக்க வேண்டும் என்றால் முதலில் கோழியைப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்றால் துரத்த வேண்டும். துரத்த வேண்டும் என்றால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஊரார் பார்க்கத் தெருவில் ஓட வேண்டும். நான் தெருவில் நடந்து போவதற்கே சுவரோரம் தேடுகிறவள். சபையில் பாட்டுப் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைப்பேன். (சத்தம் வராது. ஆண்டவருக்குத் தெரியும், அது போதும்.)

எங்கள் ஊர் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஒரு பக்கம் தாமிரபரணிக் கால்வாய், மறுபக்கம் வாழைத் தோட்டம், நடுவில் எங்கள் வீடு. வாழை விவசாயம் என் வீட்டுக்காரருக்கு. பேச்சும் அவருக்குத்தான். எனக்கு வர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவருக்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. வீட்டுக்கு ஆள் வந்தால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்வேன். கதவு இல்லாத வீடாக இருந்திருந்தால் நான் ஊமை என்றே பெயர் எடுத்திருப்பேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கோழி உண்டு. அந்தக் காலத்தில் என்னிடம் இருந்தவை எல்லாம் சாது. முறத்தை எடுத்தால் காலைச் சுற்றும். ஒரு வெள்ளைக் கோழி நான் அரிசி பொறுக்கும்போது மடியில் ஏறி உட்கார்ந்து தூங்கும். விருந்தாள் வந்தால் நான் எதைப் பிடிப்பேன்? மடியில் இருப்பதைத்தான் பிடிப்பேன். எழுந்து ஓடிப் போய், வேலிமேல் நின்று என்னை முறைக்கிற கோழியையா பிடிப்பேன்? முறைக்கிற கோழியின் பக்கத்தில் போகவே எனக்குக் கூச்சம்.

எங்கள் வேதக்கோவிலில் அறுப்பின் பண்டிகை வந்தால் வீட்டுக்கு வீடு விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுபோவோம். வாழைத்தார், தேங்காய், பூசணி, கோழி. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வாசலில் வைத்து ஏலம் போடுவார்கள். நான் கொண்டுபோவது எப்போதும் கோழி. அதிலும், ஏலம் முடிகிறவரை சத்தம் போடாமல் கையிடுக்கில் இருக்கிற கோழியாகப் பார்த்துக் கொண்டுபோவேன். சபை நடுவில் அது கத்தி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டால்? முட்டையும் அப்படித்தான். கூடையில் இட்ட முட்டையை எடுத்து வீட்டில் பொரித்துத் தின்போம். சில கோழிகள் கூடையை விட்டுவிட்டு வாழைச் சருகுக்குள்ளேயும் கால்வாய்க்கரைத் தாழம்புதரிலேயும் போய்க் கள்ளத்தனமாக இட்டு வைக்கும். அங்கே பாம்பு கிடக்கும் என்று நான் போக மாட்டேன். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கள்ளிகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வரும். ‘ஆண்டவர் ஆசீர்வதித்தார்’ என்று நானும் சந்தோஷப்படுவேன்.

இப்படியே வருஷங்கள் போயின. எனக்குத் தலை நரைத்தது. கோழிகள் மாறிக்கொண்டிருந்தன, நான் கவனிக்கவில்லை. மடியில் ஏறுவது நின்றது. பிறகு முற்றத்தில் நிற்பது நின்றது. பிறகு கூட்டில் அடைவதும் நின்றுபோய், பொழுது சாய்ந்தால் புளியமரத்து உச்சிக்கு ஏற ஆரம்பித்தன. கோழிக்கூட்டில் நான் தேங்காய்ச் சிரட்டை போட்டு வைத்தேன். ‘இந்தக் காலத்துக் கோழிக்கு மரியாதை இல்லை’ என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு விருந்தாள் வருவதும் குறைந்துபோயிருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவும் அவசியம் வரவில்லை.

அவசியம் வந்தது, என் மகள் எஸ்தருக்கு மாப்பிள்ளை வந்தபோது.

எஸ்தர் எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது தாண்டிவிட்டது. வந்த சம்பந்தம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் போனது. சிலதை அவர்கள் வேண்டாம் என்றார்கள், சிலதை இவள் வேண்டாம் என்றாள். இந்தச் சாமுவேல் படத்தைப் போனில் பார்த்துவிட்டு மட்டும், “சரிம்மா” என்றாள். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற பையன். அதற்குப் பிறகு துணி தேய்க்கும்போது அவள் பாட்டு முணுமுணுத்தாள். எனக்கு அது போதும். இது மட்டும் கைகூட வேண்டும் என்று முழங்கால் தேய ஜெபம் பண்ணினேன்.

சாமுவேலின் அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவர்கள் போனில் பேசியது ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

“சனிக்கிழமை மத்தியானம் வாரோம். வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும். தடபுடல் ஒண்ணும் வேண்டாம். கடைக் கோழி மட்டும் எங்க வீட்ல யாரும் தொடுறதில்லை.”

“டீச்சரம்மா, என்ன சொல்லுதிய!” என்றார் என் வீட்டுக்காரர். “எங்க வீட்ல கோழிக்கா பஞ்சம்? எல்லாம் வீட்டுக் கோழி. எங்க வீட்டுக்காரி பிள்ளை மாதிரி வளர்த்தது. கூப்பிட்டா ஓடியாரும்!”

கதவுக்குப் பின்னாலிருந்து நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்து, நான் ஆமாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, “முட்டையும் நம்ம வீட்டு முட்டைதான்” என்று சேர்த்துச் சொன்னார்.

“டவுனுக்குப் போயி ஒரு நாட்டுக் கோழி வாங்கிட்டு வந்துருங்க” என்று பிறகு கெஞ்சிப் பார்த்தேன்.

“ஏட்டி, இத்தன கோழிய தோட்டத்துல மேய விட்டுட்டு கடையில போயி வாங்குனா ஊரு சிரிக்கும்” என்றார். (ஊர் எப்படியும் சிரித்தது.)

சனிக்கிழமை விடிந்ததும் முறத்தோடு முற்றத்துக்குப் போனேன். “பே… பே… பே…” என்று கூப்பிட்டேன். மரத்திலிருந்து இறங்கி வந்தன. வந்து, நான் கையை நீட்டினால் எவ்வளவு தூரம் எட்டுமோ, அதற்கு ஒரு சாண் தள்ளி நின்று தின்றன. நான் ஒரு அடி வைத்தால் அவையும் ஒரு அடி வைத்தன. என் கையின் நீளம் எனக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரிந்திருந்தது. முறத்து அரிசி தீர்ந்தது. ஒரு இறகுகூட அகப்படவில்லை.

“தள்ளு. ஒரு கோழி பிடிக்கத் தெரியல, பொம்பளையாம்” என்று என் வீட்டுக்காரர் வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காக உடுத்தின புது வேட்டி. கழுத்தில் இறகே இல்லாமல் ஒரு கழுத்தறுத்தான் சேவல் உண்டு எங்களிடம். அதைக் குறி வைத்துப் பைய பையப் போனார். அது அவரைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் சேவல் மட்டும் திரும்பி வந்தது. பிறகு அவர் வந்தார், வாழைக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால் சேறு இடுப்புவரை.

“அது சேவல் இல்லட்டி” என்றார். “பிசாசு.”

எஸ்தர் தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். “எம்மா, மணியாகுது” என்று அவளும் இறங்கினாள். துண்டோடு என் பிள்ளை வேலியைச் சுற்றி ஓடுகிறாள், ஒரு கோழி அவள் தலைக்கு மேலே பறந்து கூரையில் போய் உட்காருகிறது. கோழி இவ்வளவு உயரம் பறக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசியில் என் கொழுந்தன் தேவராஜுக்குச் சொல்லிவிட்டோம். அவன் ஆற்றில் வீச்சுவலை போட்டு மீன் பிடிக்கிற ஆள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தான். ஈரம் சொட்டியது. மீன் கவிச்சி வீடு முழுக்க அடித்தது.

“மைனி, ஆத்துக் கெண்டையே எங்கிட்ட தப்பாது. இந்தச் சவங்க எம்மாத்திரம்? நீங்க போயி மசாலா அரைங்க” என்று சொல்லிவிட்டுச் சுற்றுச்சுவர் மேல் ஏறி நின்றான். நான் நம்பி மசாலா அரைத்தேன். தேங்காய், மிளகு, சீரகம், சின்ன வெங்காயம். அம்மியில் எல்லாம் தயார். கோழி ஒன்றுதான் பாக்கி.

என் வீட்டுக்காரரும் எஸ்தரும் தோட்டத்துப் பக்கமிருந்து கோழிகளை விரட்டிக்கொண்டு வந்தார்கள். கழுத்தறுத்தான் முன்னால் வருகிறது. “அண்ணே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!” என்று தேவராஜ் வலையைச் சுழற்றுகிறான். சேவல் எம்பிக் கேட்டைத் தாண்டிப் பறந்தது. அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. வலை விரிந்து, அழகாக, ஆற்றில் விழுகிற மாதிரியே வட்டமாக விழுந்தது.

உள்ளே மாப்பிள்ளை.

கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டார்கள். சாமுவேல் வலைக்குள் நிற்கிறார். பின்னால் அவருடைய அம்மா, கையில் பழக்கூடை. நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று கதைகளில் சொல்வார்கள். எங்கள் முற்றம் சிமெண்ட் போட்டது.

“வாங்க, வாங்க” என்றார் என் வீட்டுக்காரர், சேறு சொட்டக் கும்பிட்டபடி.

தேவராஜ் சுவரிலிருந்து குதித்து வலையை இழுத்தான். மாப்பிள்ளை சட்டைப் பொத்தானில் வலை மாட்டிக்கொண்டது. அவன் இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. எஸ்தர்தான் ஓடிப் போய், “சித்தப்பா, விடுங்க” என்று தடுத்து, ஒவ்வொரு கண்ணியாக விடுவித்தாள். அந்தப் பையன் கோபப்படவில்லை. வலைக்குள் நின்றபடியே சிரித்து, “பைய எடுங்க. நான் ஒண்ணும் பறந்துற மாட்டேன்” என்றார். எஸ்தரும் சிரித்துவிட்டாள். தலையில் துண்டு, காலெல்லாம் சேறு, இருந்தாலும் அன்றைக்கு அவள் முகம் அப்படி ஒரு அழகாக இருந்தது. ‘ஆண்டவரே, கைகூடிவிட்டது’ என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதோடு சாப்பிடாமலே அவர்கள் திரும்பிப் போயிருந்தால் இந்நேரம் எனக்குப் பேரப்பிள்ளை இருந்திருக்கும்.

சாப்பாடு போட்டேன். சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். முட்டையாவது பொரிக்கலாம் என்றால், கூடையில் முட்டை இட்டு வெகுகாலம் ஆகிறது. அரைத்த மசாலா வாசனை மட்டும் வீட்டைத் தூக்கியது. டீச்சரம்மா இலையைப் பார்த்தார்கள். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார்கள்.

“மசாலா மணக்குது” என்றார்கள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாமுவேல் மட்டும் சும்மா இருக்கவில்லை. “அத்தை” என்று கூப்பிட்டார். அத்தை! என் உடம்பு சிலிர்த்துவிட்டது. “அத்தை, உங்க கோழி எல்லாமே இப்படித்தானா? எப்பவுமே யாராலயும் பிடிக்க முடியாதா?”

கதவுக்குப் பின்னாலிருந்து, “முந்தி சாதுவாத்தான் கிடந்துது. இப்பந்தான் இப்படி” என்றேன்.

“விருந்துக்கு எந்தக் கோழிய எடுப்பீங்க?”

“கைக்கு வாரத.”

“கோவில் காணிக்கைக்கு?”

“அதுவும் கைக்கு வாரதுதான். கத்தாம இருக்கும்லா.”

“முட்டை?”

“கூடையில உள்ளத எடுப்போம். புதருக்குள்ள உள்ளது அங்கனயே பொரிச்சுரும்.”

அவர் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்ப அடுத்த தலைமுறைக்குத் தாயா இருந்தது எது, அத்தை?”

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. சாதுவானதை எல்லாம் நான் குழம்பு வைத்தேன். அடக்கமானதை எல்லாம் ஆண்டவருக்குக் கொடுத்தேன். ஒழுங்காகக் கூடையில் முட்டை இட்டதன் வம்சத்தை வறுத்துத் தின்றேன். மிச்சம் விட்டது ஓடினதை, ஒளிந்ததை, என்னை நம்பாததை. அதுகள்தான் குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளிலும் கொஞ்சம் அசந்ததை நான் பிடித்தேன், அசராதது அடுத்த வருஷம் குஞ்சு பொரித்தது.

“அதுகளுக்குப் புத்தி வந்து ஓடலை, அத்தை” என்றார் சாமுவேல். “எந்தக் கோழியும் திட்டம் போடலை. ஒரே தாய்க்குப் பொறந்ததுலயே ஒண்ணு சாதுவா இருக்கும், ஒண்ணு மிரளும். மிரளுறது மிஞ்சிச்சு. அதோட குணம் குஞ்சுக்கும் போச்சு. அவ்வளவுதான். காட்டுல பருந்தும் கீரியும் செய்யுற வேலை. உலகத்துல இத்தனை விதமா உயிருங்க இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். நான் வகுப்புல படம் போட்டுக் காட்டுறத நீங்க முற்றத்துல செஞ்சு வச்சிருக்கீங்க!”

எத்தனை வருஷமாக என்னைப் பிள்ளை வளர்க்கிற மாதிரி கோழி வளர்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பருந்து வேலையும் கீரி வேலையும் பார்த்திருக்கிறேன்.

“சாமுவேல்” என்றார்கள் டீச்சரம்மா. “சாப்பிடுற இடத்துல பரிணாமம் வேண்டாம்.”

பேச்சு அங்கே நின்றிருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோழி கிடைக்காத அவமானத்துக்குப் பதிலாக ஒரு பெருமை கிடைத்துவிட்டதே! தொடையில் தட்டி, “அப்படிப் போடுங்க! அப்ப இந்தக் கோழிய எல்லாம் படைச்சது எங்க வீட்டுக்காரிதான்னு சொல்லுங்க. ஆண்டவருக்கு அடுத்து இவதான்!” என்றார்.

டீச்சரம்மா அப்பளத்தை இலையில் வைத்தார்கள்.

“படைச்சவர் ஒருத்தர்தான்” என்றார்கள்.

“இல்ல டீச்சரம்மா, நான் ஒரு பேச்சுக்கு…”

“பேச்சுக்கும் கூடாது.”

தேவராஜ் நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று, “அண்ணன் எப்பவும் இப்படித்தான், டீச்சரம்மா. கோவில்லயும் ஏலத்துக்குத்தான் சரியா வருவாரு” என்றான். (அவனை அன்றைக்கே வலையில் கட்டி ஆற்றில் விட்டிருக்கலாம்.)

கை கழுவினார்கள். ஒரு சின்ன ஜெபம் பண்ணினார்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே டீச்சரம்மா, “ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதோம்” என்றார்கள்.

எங்கள் ஜனத்துக்கு அதன் அர்த்தம் தெரியும். வேண்டும் என்கிறவர்கள் அங்கேயே தேதி பார்ப்பார்கள். ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறவர்கள் சொல்வதே இல்லை. சாமுவேல் காரில் ஏறும்போது திரும்பி, “வாரேன், அம்மா” என்றார். அத்தை என்று சொல்லவில்லை. எஸ்தரும் அதைக் கேட்டாள். உள்ளே போய்த் தலைத் துண்டை அவிழ்த்தாள். முடி அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

பதில் வரவில்லை. சாத்தான்குளத்தில் ஒரு பெண்ணை முடித்ததாகப் பிறகு கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் சாமுவேல் தன் கூட்டாளிகளிடம் என்னைக் காட்டி, “இவங்கதான் நான் சொல்லுவேன்லா, அந்தக் கோழி அம்மா” என்றார். எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

அந்தப் பையன் கெட்டவர் இல்லை. வருஷம் தவறாமல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று அரிசி போட்டு, கோழி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று டேப் வைத்து அளக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழுத்தறுத்தான் கதையைச் சொல்கிறார். என் கோழியைப் பார்க்க அத்தனை பேர் வருகிறார்கள். என் மகளைப் பார்க்க யாரும் வரவில்லை. வலை வீசி மாப்பிள்ளை பிடிக்கிற வீடு என்று ஆற்றின் இரண்டு கரையிலும் பேச்சாகிவிட்டது.

நானும் கோழிகளைத் திருத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மிரளுவதை எல்லாம் அறுத்துவிட்டுச் சாதுவை மட்டும் விட்டு வைத்தால் பழையபடி ஆகிவிடும் இல்லையா? ஆனால் மிரளுவதை அறுக்க வேண்டும் என்றால் அதைப் பிடிக்க வேண்டும். சாதுவை விட்டு வைக்க வேண்டும் என்றால் சாது ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு விட்டுவிட்டேன். அவை புளியமரத்தில் பெருகிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் கத்தரிக்காய் தின்கிறோம்.

எஸ்தர் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, மழை உண்டா என்றெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கேள்வி தெரியும். தேவராஜ் பக்கத்தில் இருந்தால் அவனும் சேர்ந்து கேட்பான்.

“எம்மா, வலையில ஏதாவது விழுந்துச்சா?”

“விழுந்த ஒண்ணையும் நீதானட்டி அவுத்து விட்ட” என்பேன் நான்.

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவளுடைய சிரிப்பு தானாக நிற்கிறவரை நான் போனை வைப்பதில்லை. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வைப்பதில்லை.